பசை விடாத தூரிகை

தவுக்கே, பெரிய முதலாளியே, பொய் சொன்னது நீ. வேலை போனது செங்கமலத்துக்கு. மலேசிய ஈப்போவில் உன் சாஸ் ஆலைக்கு அன்று சோயா மூட்டை இறக்க வந்த நான், உன் அறை வாசலில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

உன் அறைச் சுவர் முழுக்கத் தூரிகையால் எழுதிய பழைய சீன அறிஞர்களின் வாசகங்கள். சில உழைப்பைப் பற்றி, சில யாரும் பார்க்காதபோதும் நேர்மையாக இருப்பதைப் பற்றி. "இருபது வருஷமா தினமும் விடியக்காலையில இந்த ஒரே பிரஷ்ஷால நானே எழுதுறேன்," என்று வந்திருந்த வியாபாரிகளிடம் அளந்துகொண்டிருந்தாய். தரை துடைத்துக்கொண்டிருந்த செங்கமலம் கால் வலி தாங்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டாள்.

"சோம்பேறி. நீயும் இதே மாதிரி ஒண்ணு எழுதிக் காட்டு. முடியலேன்னா நாளையிலேருந்து வராதே," என்றாய்.

சீன எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாதவள் அவள். மேசையிலிருந்த அந்தத் தூரிகையை எடுத்தாள். நுனியை மேசையில் தட்டினாள். ஆணி மாதிரி டொக்கென்றது.

"பிரஷ் கடையிலயும் கூட்டிப் பெருக்கியிருக்கேன் தவுக்கே. புதுசுல முடியை ஒட்டி வைக்கிற பசை, ஒரு தடவை நனைச்சாலே கரைஞ்சிடும். இருபது வருஷமா எழுதியும் இதுல துளி மைகூட ஒட்டலை, பசையும் இன்னும் கரையலையே. முதல்ல நீங்க எழுதுங்க, பார்த்து எழுதுறேன்."

வியாபாரிகள் சிரித்தார்கள். நீ அவளை வெளியே துரத்தினாய்.

மூன்று நாளாக அவள் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுக் கஞ்சிதான். நாளைக் காலையில் நீயே போய் அவளைக் கூப்பிடு. அவள் உள்ளே வந்து வேலையைத் தொடங்கிய பிறகுதான் என் லாரி அடுத்த லோடு மூட்டையை இறக்கும்.