பின்மூடிக்குள் ஒரு கீறல்

"என் கண் கெட்டுப்போச்சு அம்மா" என்றார் தணிகாசலம்.

அரசியம்மா ஈர ஜமக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மறுமுனையை அவரிடம் நீட்டினார்.

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கண்ணுல ஒண்ணும் இல்லையாம். இந்த வயசுக்கு ரொம்ப நல்லா இருக்குன்னார்."

"அப்புறம் என்ன?"

"எதைப் பார்த்தாலும் குறைதான் முதல்ல தெரியுது."

இருவரும் ஜமக்காளத்தை எதிரும் புதிருமாக முறுக்கினார்கள். அழுக்குத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் வழிந்தது.

தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு வயது. வெளிநாட்டுக் கைக்கடிகாரங்களை, அதுவும் ஒரு கார் விலை விற்கும் கடிகாரங்களை, பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டரில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்த்துவந்தார். காலை பத்து மணிக்கு வலது கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டால் மாலை ஆறு மணிக்குத்தான் எடுப்பார்.

அரசியம்மாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். குரோம்பேட்டையில் ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் சின்னக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். ஞாயிறு காலையில் இருபது முப்பது பேர் அங்கே வந்து ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். அவரும் உட்கார்ந்திருப்பார். யாராவது ஏதாவது கேட்டால் சில சமயம் பதில் சொல்வார்.

"இங்க வந்ததும் என்ன பார்த்தீங்க?" என்று கேட்டார் அரசியம்மா.

தணிகாசலம் தயங்கினார்.

"சும்மா சொல்லுங்க."

"வாசக்கதவு கீழ்க்கீல்ல ஒரு திருகு இல்லை. மூணாவது ட்யூப்லைட் ஓரம் கறுத்துப்போச்சு. சுவத்துல, அந்த ஜன்னல் மூலையில இருந்து ஒரு விரிசல் இறங்குது. உங்க மூக்குக்கண்ணாடி இடது பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு."

"எல்லாம் சரிதான்" என்றார் அரசியம்மா. கண்ணாடியை அவர் சரிசெய்யவில்லை.

அதற்குப் பிறகு தணிகாசலம் தானாகவே பேசினார்.

வீட்டில் மனைவி கோதை தோசை வைத்தால் அவருக்கு ஓரம் கருகியதுதான் தெரியும். சொல்லிவிடுவார். ஒரு காலத்தில் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்வாள். இப்போது தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். போன மாதம் புனேவில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த மூன்றாம் நாள் வீடியோவில் காட்டினாள். அவர் பார்த்தார். ஒரு கண் இன்னொரு கண்ணைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கிறதே என்றார். மகள் சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். பதினோரு நாளாகப் பேசவில்லை.

"நான் வேணும்னு சொல்லலை அம்மா. கண்ணுல பட்டுது. வாயில வந்துடுச்சு."

அரசியம்மா ஜமக்காளத்தைக் கொடியில் போட்டார். தணிகாசலம் இந்தப் பக்கம் இழுத்துவிட்டார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்."

"நீங்க ஞாயித்துக்கிழமைதானே வருவீங்க."

தணிகாசலம் சுவரோரம் உட்கார்ந்தார். முட்டி இரண்டும் வலித்தன. அரைநாள் லீவு போட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"ஒரு கஸ்டமர்" என்று ஆரம்பித்தார்.

அவர் பெயர் சவரிராயன். தூத்துக்குடிக்காரர். அறுபதைத் தாண்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு கடிகாரம் வாங்கியிருந்தார். வெள்ளை முகம், நீல முள், சாவி கொடுத்து ஓடுவது. வாங்கிய ஒன்பதாம் நாள் சர்வீஸ் சென்டருக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கடிகாரத்தைப் பச்சைத் துணிமேல் வைத்து, ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தூசி இருக்கிறது என்றார்.

தணிகாசலம் பார்த்தார். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. லென்ஸில் இருந்தது. உப்புத்தூளில் பத்தில் ஒரு பங்கு.

இதை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, தானும் ஒரு லென்ஸ் வாங்கியிருப்பதாகச் சொன்னார் சவரிராயன். வீட்டில் ஆள் யாரும் இல்லை, பார்க்க நேரம் இருக்கிறது என்றார்.

பிரித்து, தூசியை எடுத்து, மூடிக் கொடுத்தார்கள்.

இரண்டு வாரத்தில் மறுபடி வந்தார். நொடிமுள்ளின் நுனியில் நீலம் ஒரு இடத்தில் வெளுத்திருக்கிறது. முள்ளை மாற்றினார்கள். அடுத்தது, பதினோராம் எண்ணின் விளிம்பு மற்ற விளிம்புகளைப் போல மின்னவில்லை. அதற்காக மூன்றாம் முறையும் பிரித்தார்கள். நான்காம் முறை வந்தபோது, வேறொரு தூசி.

ஒவ்வொரு தடவையும் அதே மெதுவான குரல். ஒவ்வொரு தடவையும் கண் இன்னும் கொஞ்சம் சிவந்திருந்தது. தலைமை அலுவலகத்துக்குக் கடிதமும் எழுதிவிட்டார். அதிலும் கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. என்னை ஏமாற்றுகிறீர்கள் என்று மட்டும் ஒரு வரி.

"அந்த மனுஷனை நினைச்சாலே களைப்பா இருக்கு அம்மா. நல்லா ஓடற கடிகாரம். ஒரு நாளைக்கு ரெண்டு செகண்டுகூட வித்தியாசம் வராது. அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை."

"இப்ப கடிகாரம் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட. வெள்ளிக்கிழமை வாங்க வர்றார்."

"தூசி?"

"எடுத்தாச்சு."

"அப்ப எதுக்கு இன்னிக்கு வந்தீங்க?"

மாவு மில்லில் யாரோ பெல்ட்டை மாட்டினார்கள். சுவர் லேசாக அதிர ஆரம்பித்தது. தணிகாசலம் அது நிற்கட்டும் என்று காத்திருப்பவர் போல இருந்தார். அது நிற்கவில்லை.

"மூணாவது தடவை பிரிச்சப்ப திருப்புளி வழுக்கிடுச்சு" என்றார்.

"ம்."

"உள்ளே ஒரு தகடு. கண்ணாடி மாதிரி மெருகு போட்டது. அதுல ஒரு கீறல் விழுந்துடுச்சு. தலைமுடி அளவுக்கு. ஓட்டத்துக்கு ஒரு பாதகமும் இல்லை. பின்மூடி எஃகு, வெளியில இருந்து பார்க்கவே முடியாது. அந்த மாதிரி நடந்தா எழுதி வைக்கணும், கஸ்டமர்கிட்ட சொல்லணும். அது விதி. நான் எழுதலை. மூடிட்டேன்."

அரசியம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இருபத்தெட்டு வருஷத்துல இது முதல் தடவை. ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அந்த ஆள் ஏற்கெனவே கடிதம் எழுதியிருக்கார். இது தெரிஞ்சா என்னை வச்சிருக்க மாட்டாங்க."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அஞ்சு வருஷம் கழிச்சு யாராவது சர்வீஸுக்குப் பிரிச்சாத்தான் தெரியும். அப்பவும் யார் போட்டதுன்னு சொல்ல முடியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

மில்லின் சத்தம் ஓய்ந்தது.

"இப்ப எனக்கும் தெரியும்" என்றார் அரசியம்மா.

அவர் எழுந்து இன்னொரு ஜமக்காளத்தை வாளியிலிருந்து தூக்கினார். அவர் மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று தணிகாசலம் பார்த்தார். அரசியம்மா ஈரத்துணியின் முனையைத்தான் நீட்டினார்.

அதை முறுக்கிப் போட்டுவிட்டுத் தணிகாசலம் பஸ் ஏறினார்.

வியாழக்கிழமை அவர் மேலாளரிடம் சொன்னார். முப்பது வயதுப் பெண். நல்லவள்தான். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னாள். நீங்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நான் எதுவும் கேட்கவில்லை என்றாள். ஓட்டம் சரியாக இருக்கும்போது, தானாக ஆறிக்கொண்டிருக்கிற விஷயத்தைக் கிளற வேண்டாம் என்றாள். அதற்கு மேலும் நீங்களாகப் போய்ச் சொன்னால் அப்புறம் உங்கள் பாடு, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவளுக்கும் சலித்துப்போயிருந்தது.

அன்று மதியம் தணிகாசலம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அதற்காக அவர் எதையும் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தமில்லை. மேஜை இழுப்பறையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சாவி கொடுத்தார். திரும்ப வைத்தார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குச் சவரிராயன் வந்தார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. சட்டைப் பையில் லென்ஸ். முன் கவுண்டரில் உட்கார்ந்து, கடிகாரத்தை வாங்கி, லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

வழக்கமாக இதற்குக் கால் மணி நேரம் ஆகும். தணிகாசலம் எதிரில் நின்றிருப்பார். ஆசிரியர் விடைத்தாள் திருத்தும்போது பக்கத்தில் நிற்கிற பையனைப் போல இருக்கும்.

ஐந்து நிமிடம் ஆனது. சவரிராயன் கடிகாரத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். மறுபக்கம் சாய்த்தார்.

"இந்தத் தடவை ஒண்ணும் இல்லை போலிருக்கு" என்றார். அதில் சந்தோஷம் இல்லை. அடுத்த வாரம் எங்கே போவது என்று யோசிப்பவர் மாதிரி இருந்தது.

"இருக்கு சார்" என்றார் தணிகாசலம்.

சவரிராயன் லென்ஸை எடுத்தார்.

"உள்ளே ஒரு கீறல் இருக்கு. மூணாவது தடவை பிரிச்சப்ப விழுந்தது. என் கை தவறிடுச்சு. எழுதி வைக்கணும், வைக்கலை."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேலாளர் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சிருக்குமா அது?" சவரிராயன் கேட்டார்.

"தெரிஞ்சிருக்காது. எந்த லென்ஸ்லயும் தெரியாது. பின்மூடி எஃகு."

"அப்ப எதுக்குச் சொல்றீங்க?"

இரண்டு நாளாகத் தணிகாசலம் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். வேலை போனால் கோதையிடம் எப்படிச் சொல்வது என்பது வரை. இந்தக் கேள்வியை மட்டும் யோசித்திருக்கவில்லை.

"தெரியலை சார்" என்றார்.

சவரிராயன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை தடவை வந்ததில் அன்றுதான் அந்த ஆள் தன் முகத்தைப் பார்க்கிறார் என்று தணிகாசலத்துக்குப் பட்டது. தானும் அவர் முகத்தை அன்றுதான் பார்க்கிறோம் என்றும்.

"காட்டுங்க" என்றார் சவரிராயன்.

வேலை அறைக்குள் கஸ்டமர்களை விடுவதில்லை. தணிகாசலம் கதவைத் திறந்துவிட்டார். தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்தார். விளக்கைத் தாழ இறக்கினார். கடிகாரத்தைப் பிடியில் வைத்து, பின்மூடியைக் கருவியால் அழுத்தித் திருகினார்.

மூடி கழன்று வந்தது.

"உங்க லென்ஸ் போதாது சார். இதை வச்சுப் பாருங்க" என்று தன் லென்ஸைக் கொடுத்தார். கண்ணிமையால் எப்படி இடுக்கிக்கொள்வது என்று காட்டினார்.

சவரிராயன் குனிந்தார்.

தணிகாசலம் பின்னால் ஒதுங்கி நின்றார். இனி நடக்கப்போவது எல்லாம் அவருக்குத் தெரியும். முதலில் கீறலின் நீளத்தைக் கேட்பார். பிறகு ஒரு தாள் கேட்பார். தேதி போட்டு எழுதுவார். அதை மேலாளர் வாங்கிக்கொள்வாள். போகட்டும் என்று இருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டார்.

நேரம் போயிற்று.

நாற்காலியில் இருந்தவர் அசையவில்லை. மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில், திறந்து கிடந்த கடிகாரத்துக்குள் ஒரு சின்னச் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அதன் நடுவில் கம்பிச்சுருள் ஒன்று சுருங்கி விரிந்தது.

"பார்த்தீங்களா சார்?"

சவரிராயன் விளக்கை இன்னும் சற்றுத் தாழ்த்தினார்.

"சார்?"

"முப்பத்தொரு வருஷம் கப்பல்ல இன்ஜின் ரூம்ல இருந்தேன்" என்றார் சவரிராயன். தலை நிமிரவில்லை. "மூணு மாடி உயரம் இருக்கும் ஒவ்வொரு இன்ஜினும். சத்தத்துல பக்கத்து ஆள் பேசறது கேட்காது."

அவர் அடுத்ததைச் சொல்வார் என்று தணிகாசலம் காத்திருந்தார். சவரிராயன் நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி இழுத்துக்கொண்டார். முழங்கை இரண்டையும் ஊன்றிக்கொண்டார்.

"நடுவுல பெரிய திருகு தெரியுதா சார்? அதுக்கு இடது பக்கம், கொஞ்சம் கீழே. அங்கதான் கீறல்."

சவரிராயன் ஒரு கையை மட்டும் தூக்கி, இருங்கள் என்பது போலக் காட்டினார்.

"நான் இன்னும் அதைத் தேடவே ஆரம்பிக்கலை."