சக்கரம் கழற்றிய மெஷின்

குரு என்றால் வெள்ளைத் தாடி இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள், தவசியம்மையைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். முப்பதைத் தாண்டாத பெண். ஒல்லி. சிரித்தால் ஈறு தெரியும். ரப்பர் தோட்டங்கள் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் அவளுடைய ஆசிரமம் இருந்தது. ஏழெட்டுப் பேர் அங்கே தங்கி, பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்சு செய்து கொடுத்துச் சாப்பிட்டார்கள்.

அவர்களில் எமல்டா குருவைவிட மூத்தவள். அதனால் சீடப்பெண்ணைக் குரு "அக்கா" என்றும், குருவைச் சீடப்பெண் "அம்மை" என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உறவு குழம்பும். அவர்கள் இருவருக்கும் குழம்பியதில்லை.

ஒரு காலையில் பெஞ்சுக்கால் தேய்த்துக்கொண்டிருந்த எமல்டா, கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"அம்மை, பழைய மெஷினை எப்படிப் பார்த்து வாங்கணும்?"

"என்ன மெஷின்?"

"மரம் அறுக்கிற மெஷின். நடமாடும் மெஷின்னு சொல்றாங்க. மலைமேல சிங்கராயர்னு ஒருத்தர் விக்கிறாராம். விலைகூட நமக்குக் கட்டுபடியாகும்."

"நாமதான் பலகையைக் கடையில வாங்குறோமே, அக்கா."

எமல்டா பதிலைத் தயாராக வைத்திருந்தாள். கடைப் பலகை ஈரமாக வருகிறது. போன வருஷப் புயலில் விழுந்த மரங்கள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. நாமே அறுத்தால் வெளியாருக்கும் அறுத்துக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் சொன்னாள். தவசியம்மை கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்ல வேண்டியது இன்னும் வரவில்லை என்பதுபோல் இருந்தாள்.

எமல்டா உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

"கிணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அறை கட்டணும், அம்மை. மரத்துலயே. தாழ்வா ஒரு ஜன்னல் வச்சு, பிள்ளைக்கு எட்டுற மாதிரி."

"எந்தப் பிள்ளைக்கு?"

"ஆன்சிக்கு. அறை இருந்தா வந்து தங்குவாள்ல?"

ஆன்சி எமல்டாவின் மகள். கைக்குழந்தையாக இருந்தபோது, கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுகையில் ஒருநாள் எண்ணெய்க் கை வழுக்கிவிட்டது. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றையிலிருந்து பிள்ளையைத் தூக்கப் போனாலே எமல்டாவின் கை நடுங்கியது. பிள்ளையோடு கிணற்றைத் தாண்டிப் போகப் பயம். அடுப்புப் பக்கம் போகப் பயம். மாடிப்படியைக் கண்டால் பயம். ஜெபமாலையை உருட்டிப் பார்த்தாள். ஜெபமாலையைப் பிடித்த விரலும் நடுங்கியது. கடைசியில் கணவன் ராபின்சனிடமும் அவன் அக்காவிடமும் பிள்ளையைக் கொடுத்து, "இது போனதும் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஆசிரமத்துக்கு வந்தாள். ஆன்சி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

ஒரே ஒரு தடவை ராபின்சன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான். எமல்டா முந்தின நாளே முந்திரிக்கொத்து பொரித்து வைத்திருந்தாள். ஆன்சி அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, "அப்பா, இந்த ஆன்ட்டி வீட்ல பூனை இருக்கா?" என்று கேட்டாள்.

பூனை இருந்தது. அதோடு விளையாடிவிட்டுப் போய்விட்டாள்.

தவசியம்மை எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினாள். "ஜீப்பை எடுங்க அக்கா. போய்ப் பார்ப்போம்."

சிங்கராயர் வீடு மலையின் பாதி உயரத்தில் இருந்தது. ஐம்பது வயது மனிதர். தகரக் கொட்டகையின் முன்னால் லுங்கியை மடித்துக் கட்டியபடி நின்றிருந்தார். கொட்டகைக்குள் காங்கிரீட் தளத்தின்மேல், போல்ட் போட்டு முறுக்கி, மெஷின் உட்கார்ந்திருந்தது. நீளமாக இரண்டு தண்டவாளம். அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு தலை. தலைக்குள் இன்ஜினும், நாடாபோல் சுற்றும் ரம்பமும். மரத்தை நடுவில் கிடத்தித் தலையைத் தள்ளிக்கொண்டு போனால் பலகை பலகையாக விழும்.

எமல்டா வேலையைத் தொடங்கினாள். பல நாளாகப் போனில் வீடியோ பார்த்துப் படித்து வந்திருந்தாள். முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிக் கிடந்தது.

"முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கலையே?"

"நீங்க தொட்டுப் பாப்பியன்னு தெரிஞ்சா, ஐஸ் வச்சுருப்பேன்," என்றார் சிங்கராயர்.

அவள் சிரிக்கவில்லை. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தாள். ரம்பம் சுற்றும் சக்கரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். தண்டவாளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நூல் பிடித்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இந்தப் பார்வை பாக்க மாட்டாங்க மக்களே."

"ஒரு மரம் அறுத்துப் பார்க்கலாமா?"

"அறுக்காம விடுவியளா என்ன?"

மூலையில் கிடந்த பலாத் துண்டு ஒன்றை உருட்டிக் கொண்டுவந்தார்கள். இன்ஜின் இரண்டாவது இழுப்பில் பிடித்தது. எமல்டா தலையைத் தள்ளிக்கொண்டு போனாள். ரம்பம் உள்ளே இறங்க, மஞ்சள் தூள் பறந்து அவள் முகத்தில் அப்பியது. பழுத்த பழம் கிடந்த அறையைத் திறந்ததுபோல் ஒரு வாசனை வந்தது. இரண்டு பலகை அறுத்தாள். ஒன்றின் முகத்தை மற்றதன் முகத்தோடு சேர்த்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

பலகையை இறக்கியபிறகும் அதைத் தடவிக்கொண்டே நின்றாள். தாழ்வான ஜன்னலும், அதன்கீழ் ஒரு கட்டிலும், அந்தக் கட்டிலில் ஒரு தலையணையும் அவளுக்குத் தெரிந்தன. தலையணையில் முகம் மட்டும் தெரியவில்லை. பல் விழுந்திருக்குமா, முளைத்திருக்குமா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

இவ்வளவு நேரமும் தவசியம்மை மெஷின் பக்கமே வரவில்லை. கொட்டகையின் பின்னால் போயிருந்தாள். திரும்பி வரும்போது புறங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"உங்க கோழி கொத்திட்டுது."

"அய்ய, டயர் பக்கம் ஏன் போனிய? அது டயருக்குள்ள அடைக்கு உக்காந்திருக்கு."

"எந்த டயர்?"

"இதுக்குள்ளதுதான்." சிங்கராயர் மெஷினைக் காட்டினார். "அடியில அச்சு இருக்கு பாருங்க. ரெண்டு டயரையும் மாட்டி, ஜீப்புக்குப் பின்னால கொக்கி போட்டா எங்கே வேணும்னாலும் இழுத்துட்டுப் போலாம். அதுக்காகத்தானே இதை வாங்கினதே."

"பின்ன ஏன் கழற்றினீங்க?"

சிங்கராயர் லுங்கியை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"கீழ ஒரு வளைவு இருக்குல்லா, பாறை முட்டிட்டு நிக்குமே, அங்கவச்சு ஒருநாள் இது ஆட ஆரம்பிச்சுது. ஒரு டயர் ரோட்டை விட்டு வெளிய தொங்குது. கீழ பாத்தா ஓடை. எந்தப் புண்ணியமோ நின்னுது. வீட்டுக்கு வந்த கையோட ரெண்டையும் கழத்திட்டேன். பயம் தெளியட்டும், பொறவு மாட்டலாம்னு."

"மாட்டலையா?"

"அதுக்குள்ள காங்கிரீட்டும் போட்டாச்சு. நல்லா உறுதியா இருந்துது, அப்படியே விட்டுட்டேன்."

"புயல் அடிச்சப்போ?"

"அதை ஏன் கேக்குதிய. போன் மேல போன். முற்றத்தில பலா கிடக்கு வாரும், கோயில் பக்கத்தில தேக்கு கிடக்கு வாரும்னு. இங்க கொண்டு வாங்க, நல்லா அறுத்துத் தாறேன்னு சொன்னேன். ரோட்டோரத்தில போர்டுகூட வச்சேன்."

"கொண்டு வந்தாங்களா?"

"விழுந்து கிடக்கிற மரத்தைத் தூக்கிட்டு யாரு அம்மை மலையேறுவா? கொஞ்ச நாள் பாத்தாங்க. பொறவு கோடாலியால கொத்தி அடுப்பில வச்சுட்டாங்க. எவ்வளவு நல்ல மரம் தெரியுமா?"

"பயம் தெளிஞ்சுதா?"

"அது எங்க தெளிய? அது அப்படியேதான் இருக்கு. மரந்தான் போச்சு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் பாதியில் நிறுத்தினார்.

எமல்டா நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றியது சிக்கலாகியிருந்தது. அதைப் பிரித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"மெஷின் நல்ல மெஷின், அம்மை. வாங்கிடலாம். கிணத்துக்குப் பக்கத்துல இதே மாதிரி தளம் போட்டு..." 

"முதல்ல எந்த மரத்தை அறுக்கப் போறீங்க?"

"எங்க வீட்டு முற்றத்துல அயனி மரம் ஒண்ணு விழுந்து கிடக்கு. ராபின்சன் போன்ல சொன்னாரு. ஆன்சி சாயங்காலம் ஆனா அதுமேல ஏறி, கையை விரிச்சுக்கிட்டு, இந்த முனையில இருந்து அந்த முனைக்கு நடப்பாளாம். விழாம நடப்பாளாம்." நூலில் ஒரு முடிச்சு இறுகியது. "அந்த மரத்துலதான் அந்த அறையைக் கட்டணும்னு நினைச்சேன். யாராவது அதை ஆசிரமத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தா..."

"எவ்வளவு பெரிய மரம்?"

எமல்டா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "நான் கட்டிப்பிடிச்சா பாதிகூட வராது."

விரித்த கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"ஒரு வருஷமா மழையில கிடக்கே. கெட்டுப் போயிருக்குமோ?" என்று சிங்கராயரைக் கேட்டாள் தவசியம்மை.

"அயனியா? மேல தோல் உரிஞ்சு கறுத்துருக்கும். உள்ள ஒண்ணும் ஆகாது."

தவசியம்மை கொட்டகைச் சுவரில் தொங்கிய ஸ்பானரை எடுத்தாள். தளத்தில் முறுக்கியிருந்த முதல் போல்ட்டின் முன்னால் குந்தினாள். துரு பிடித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள்.

"விலைக்கு வாங்கியாச்சுன்னு வச்சுக்கலாமா?" என்றார் சிங்கராயர்.

"வாங்கியாச்சு. கோழிக்கு ஒரு கூடை பாருங்க."

கோழி லேசில் விடவில்லை. சிங்கராயரின் முழங்கையில் இரண்டு இடத்தில் கொத்திவிட்டுத்தான் முட்டைகளோடு கூடைக்கு மாறியது. டயர்களுக்குக் காற்றடித்தார்கள். ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கித் தவசியம்மை முதல் டயரை மாட்டினாள். பிறகு மறுபக்கத்தைத் தூக்கி, ஸ்பானரை எமல்டாவிடம் நீட்டினாள்.

"இந்தப் பக்கம் நீங்க முறுக்குங்க."

"அம்மை, எங்கே கொண்டு போகப் போறோம்?"

"மரம் எங்கே கிடக்கு?"

எமல்டா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஸ்பானரை வாங்கவில்லை.

"எனக்கு இன்னும் அந்தப் பயம் போகலை, அம்மை. அது போனபிறகுதான் வருவேன்னு அவர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

தவசியம்மை நீட்டிய கையை மடக்கவில்லை. சிங்கராயர் கோழிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வேறு எங்கேயோ பார்த்தார்.

கடைசியில் எமல்டா அதை வாங்கினாள். குந்தி உட்கார்ந்து நட்டைப் பொருத்தினாள். அப்போதுதான் அவள் கை நடுங்கத் தொடங்கியது. ரம்பத்தைத் தள்ளும்போதுகூட நடுங்காத கை. ஒரு நட்டு நழுவி மரத்தூளில் விழுந்தது. தேடி எடுத்து ஊதி மறுபடி வைத்தாள். கை நடுங்கியபடியே இருந்தது. நட்டு மரையில் ஏறியது.

நாலாவது நட்டை முறுக்கும்போது கேட்டாள்.

"மறுபடியும் ஆன்ட்டின்னு கூப்பிட்டா?"

"என்னன்னு கேளுங்க."

மெஷினை ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி, சங்கிலியும் போட்டார்கள். சிங்கராயர் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். ஒவ்வொரு டயரையும் உதைத்துப் பார்த்தார். பிறகு கூடையை வீட்டுக்குள் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறினார்.

"அந்த வளைவு தாண்டுற வரைக்கும் நானும் வாறேன் மக்களே. பொறவு இறங்கி நடந்துக்கிடுவேன்."

எமல்டா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். தவசியம்மை ஏறவில்லை. ஆசிரமத்துக்குப் பஸ் உண்டு என்று சொல்லி, ஜன்னலில் கைவைத்து நின்றாள். கீழே ரோடு, ரப்பர் தோட்டத்துக்குள் போய் மறைந்தது. அதற்கும் அப்பால் இருந்தது அந்த முற்றம். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

"அந்த மரத்தை அறுத்து முடிச்சதும் திரும்பி வந்துடவா, அம்மை?"

தவசியம்மை ஜன்னலிலிருந்து கையை எடுத்தாள்.

"பெரிய மரம்னு சொன்னீங்களே. மெதுவா அறுங்க, அக்கா."