புழு கேட்டால் பதில் சொல்லாதே

திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வீடுகள் எல்லாம் நிரம்பியிருந்தன, குடியிருந்தவர்களுக்கு மேல்மாடிதான் காலி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரெஜினா கான்வென்ட்டில் படித்தவள். புரியாததற்கும் புரிந்த மாதிரி தலையாட்ட அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே இன்டர்நெட். அதில் வைரஸ் மாதிரி ஒரு கம்ப்யூட்டர் புழு புகுந்து வீடு வீடாகப் பரவியது. நெட்டைப் பராமரிக்கும் குணசீலன் வந்தார்.

"மேடம், இந்தப் புழு ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் 'இருக்கியா?'ன்னு கேக்கும். பதில் வந்தா உள்ளே பூந்துடும். அதான் அந்தக் கேள்விக்கே பதில் போகாம அடைச்சுட்டேன்."

"யார் கேட்டாலும் பதில் கிடையாது?"

"யார் கேட்டாலும்."

ரெஜினா தலையாட்டினாள். உடனே கமிட்டி கூடியது.

"கம்ப்யூட்டர் வாயை அடைச்சாச்சு. நம்ம வாயை?" என்றார் தலைவர் நாச்சியப்பன்.

"புழுவுக்குக் காது உண்டா அண்ணே?" என்றாள் பொருளாளர் மும்தாஜ்.

"காது இல்லாமயா பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்குது?"

நியாயம்தானே! 'இருக்கீங்களா' என்று எவர் கேட்டாலும் மூச்சுவிடக் கூடாது என்று ரெஜினா உத்தரவு போட்டாள்.

மறுநாள் காலை நெட் படுத்துவிட்டது. பதினோரு மணிக்கு ரெஜினாவின் மகள் ஷெர்லிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. ஒரு வருஷம் அலைந்து கிடைத்த முதல் அழைப்பு. ரெஜினா பதறிப்போய் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டாள்.

"இங்கேருந்து உங்க லைனைக் கேட்டுப் பாத்தோம் மேடம், பதிலே வரல. லைன் செத்துப்போச்சா, நீங்களே அடைச்சு வெச்சிருக்கீங்களான்னு எங்களுக்குத் தெரியல. ஆளை அனுப்பறோம்."

ஆள் வந்தான். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்றான்.

நாச்சியப்பன் கட்டிலுக்கடியில் புகுந்தார். மும்தாஜ் விசிலடிக்கப் போன குக்கரை அணைத்தாள். ரெஜினா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். ஆள் அலுத்துப்போய்க் கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் செல்லுக்குச் செய்தி வந்தது: 'வீட்டில் யாரும் இல்லை. புகார் முடிக்கப்பட்டது.'

"எப்படி விரட்டினோம் பாத்தியா!"

"அம்மா, அது ரிப்பேர் பண்ண வந்த ஆளும்மா!"

"அதை அவன்ல முதல்ல சொல்லணும்?"

தலையில் அடித்துக்கொண்டு, ஷெர்லி செல்போனிலேயே இன்டர்வியூவில் நுழைந்தாள். திரையில் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் தோன்றினார்.

"ஹலோ ஷெர்லி, இருக்கீங்களா?"

ஷெர்லி வாயைத் திறந்தாள். தோசைமாவுக் கையோடு பாய்ந்து வந்து பொத்தினாள் ரெஜினா. "சொல்லிடாதடி!"

"ஹலோ? யாராவது இருக்கீங்களா?"

விடமாட்டேன் என்கிறதே! ரெஜினா போன் பக்கம் குனிந்து, கான்வென்ட் இங்கிலீஷில் மரியாதையாகச் சொன்னாள்:

"நோபடி இஸ் ஹியர், சார்."