தந்தை என்றால் கையை நீட்டு

டாக்டர் எஸ்தர் இறந்த மறுமாதமே ஆட்டுப்பண்ணைப் பலகையிலிருந்து அவர் பெயரை அழித்துவிட்டார்கள். குடற்புழுவைத் தாங்கி நிற்கும் புது ஆட்டினத்தை உருவாக்கத் தன் ஆயுளையே கொடுத்த பெண் அவர். இப்போது பலகையில், 'இந்த இனத்தின் தந்தை: இயக்குநர் தாமோதரன்' என்றிருந்தது.

அமைச்சர் வரும் நாள். ஆடு பார்க்கும் தினக்கூலி கொம்பையாவைத் தாமோதரன் கூப்பிட்டார்.

"ஏலே, கேட்டா நான்தான் தந்தைன்னு சொல்லணும். மாத்திச் சொன்னே, உனக்கு இங்கே வேலை கிடையாது."

"சரிங்கய்யா."

அமைச்சர் வந்து பலகையைப் படித்தார். "இவரா தந்தை?" என்று கொம்பையாவிடம் கேட்டார்.

"அப்படித்தான் சொல்லுதாக" என்ற கொம்பையா, கொட்டகையிலிருந்து ஊசியும் பஞ்சும் எடுத்து வந்து தாமோதரன் முன்னால் நின்றான். "ஐயா, கையை நீட்டுங்க."

"எதுக்குலே?"

"ரத்தம் எடுத்துச் சோதிக்காம எந்தக் கிடாயையும் அப்பன்னு ஒத்துக்கிடக் கூடாதுன்னு எஸ்தரம்மா சட்டம் போட்டிருக்காக. உங்களை மட்டும் எப்படிய்யா விடுறது?"

கூட்டமே சிரித்தது. அமைச்சரும் சிரித்துவிட்டு, "யாருய்யா அந்த எஸ்தரம்மா?" என்றார். கொம்பையா எல்லாவற்றையும் சொன்னான். பெயரை மாற்றச் சொல்லிவிட்டு அமைச்சர் கிளம்பினார்.

அவர் கார் தெருமுனை தாண்டுமுன் கொம்பையாவின் வேலை போனது. அமைச்சர் சொன்னதைத் தட்ட முடியுமா? பலகையில், 'இந்த இனத்தின் தாய்: டாக்டர் எஸ்தர்' என்று ஏறியது. பார்க்க அந்த அம்மா இல்லை. சேதி சொல்ல அவருக்குப் பிள்ளைகுட்டியும் இல்லை. கல்லறைக்குப் போய் அதைச் சொல்லி அழுதது கொம்பையாதான்.