சுருதிப் பெட்டியும் அரைக்கட்டையும்

“அம்மா, இந்தப் பெட்டியும் போயிருச்சு” என்றார் ஏகாம்பரம்.

பூங்கோதை அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலைமேல் இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு அவர்தான் குரு. ஏகாம்பரம் சீடர், வயதில் மட்டும் குருவைவிட மூத்தவர். பல வருடம் லாரி ஓட்டிவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

“எந்தப் பெட்டி?”

“சுருதிப் பெட்டி.”

பாடுகிறவருக்குத் துணையாக, தம்புராவைப்போல ஒரே நாதத்தை விடாமல் ஒலிக்கிற மின்னணுப் பெட்டி அது. இப்போது அது ஏகாம்பரத்தின் கையில் செங்கல்லைப்போல ஊமையாக இருந்தது.

அன்று பௌர்ணமி. ஒவ்வொரு பௌர்ணமி மாலையும் அடிவாரத்து மக்கள் மலையேறி வருவார்கள். மண்டபத்தில் பாட்டு நடக்கும். முதல் பாட்டை அம்மை சொல்கிற சீடர்தான் பாட வேண்டும். ஏகாம்பரம் வெகுநாள் காத்திருந்த பிறகு இந்தமுறைதான் அம்மை அவர் பெயரைச் சொல்லியிருந்தார். அந்தப் பெட்டியை வைத்துத்தான் அவர் தினமும் பாடிப் பழகினார். அது இல்லாவிட்டால் குரல் எந்தப் பக்கம் ஓடும் என்று அவருக்கே தெரியாது.

மனக்குறையை அவர் கொட்டித் தீர்த்தார். முதலில் வாங்கிய பெட்டி, வாரண்டி முடிந்த மறுவாரமே வாயை மூடிக்கொண்டது. அடுத்ததில் ஒரு பட்டன் உடைந்தது. அந்த மாடலே இப்போது வருவதில்லை என்று கம்பெனியில் கைவிரித்தார்கள். இந்தப் பெட்டிக்கு வாரண்டி இன்னும் இருக்கிறது. போன் செய்தால், பெட்டியில் தண்ணீர் பட்டதா என்று கேட்டார்கள். மடத்தில் இருந்துகொண்டு பொய் சொல்ல முடியுமா? ஆயுத பூஜையன்று சந்தனம் குழைத்துப் பெட்டிக்குப் பொட்டு வைத்ததை ஒப்புக்கொண்டார். கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டார். அது ஒலி வரும் ஓட்டைகள் வழியே உள்ளே இறங்கிவிட்டது. தண்ணீர் பட்ட பெட்டிக்கு வாரண்டி கிடையாது என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

“சந்தனம் தண்ணியாம்மா? நீங்களே சொல்லுங்க.”

“எதை விட்டுக் குழைச்சீங்க?”

ஏகாம்பரம் சற்றுத் தயங்கினார். “பன்னீர்.”

அம்மை கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஏகாம்பரத்துக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை.

“முதல் ரெண்டு பெட்டிக்கு யாரும்மா பொட்டு வச்சா? விக்கிறவன் ஒழுங்கா உழைக்கிற பொருளை விக்க வேண்டாமா?”

“வேணும்.”

“கேட்டா பதில் சொல்ல வேண்டாமா?”

“வேணும். திரும்பக் கூப்பிடுங்க.”

மலைமேல் மண்டபத்தின் மேற்கு ஜன்னலில் மட்டும்தான் போனுக்கு டவர் கிடைக்கும். ஏகாம்பரம் போனை ஜன்னல் கட்டையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, கம்பெனியைக் கூப்பிட்டார். தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தினார். பழுதுக்கு ஒரு எண்ணை அழுத்தினார். பிறகு புல்லாங்குழல் தொடங்கியது. அதன் அடியில் ஒரு தம்புரா. நடுநடுவே ஒரு பெண்குரல்.

‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருங்கள்.’

ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரமே காவல் நின்றார்.

மக்கள் வந்து உட்காரத் தொடங்கினார்கள். ஜன்னலில் யார் கச்சேரி என்று பூக்கட்டும் வள்ளியக்கா கேட்டார். கம்பெனிக்காரன் கச்சேரி என்றார் ஏகாம்பரம். மண்டபம் சிரித்தது. வெளியே நிலா எழும்பியது. குழல் நிற்கவில்லை, கம்பெனியிலிருந்து யாரும் பேசவுமில்லை.

அம்மை வந்து அமர்ந்தார். ஏகாம்பரத்தைப் பார்த்து, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தார்.

“சுருதி இல்லியேம்மா.”

அம்மை ஒரு விரலை ஜன்னல் பக்கம் நீட்டினார்.

ஏகாம்பரம் காதைத் தீட்டிக் கேட்டார். முகம் சுருங்கியது.

“அது என் சுருதியைவிட அரைக்கட்டை கூடுதல்.”

“அரைக்கட்டைதானே. எட்டிப் பிடிங்க.”

எட்டினார். முதல் அடியில் குரல் உடைந்தது. இரண்டாம் அடியில் தம்புராவின் விளிம்பைத் தொட்டது. மூன்றாவதில் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பெண்குரல் வந்தபோது ஏகாம்பரம் நிறுத்தி மூச்சு வாங்கினார். அது ஓய்ந்ததும், அவர் விட்ட அடியை மண்டபமே சேர்ந்து பாடியது. அடுத்தமுறை அந்தக் குரல் எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வள்ளியக்கா அதற்குத் தாளக் கணக்கே போட்டுவிட்டார். பாட்டு மேலே போகப் போக ஏகாம்பரத்தின் குரல், பாரம் ஏற்றிய லாரி மலைப்பாதையின் கடைசி வளைவை எடுப்பதுபோல, உறுமாமல் திரும்பி உச்சிக்கு வந்தது. அந்த உயரத்துக்கு அவர் அதுவரை போனதில்லை.

திடீரென்று குழல் நின்றது.

“வணக்கம் சார். காத்திருந்ததுக்கு நன்றி. நான் நிர்மல் பேசுறேன். உங்க பிரச்சினையைச் சொல்லுங்க.”

மண்டபம் அடங்கியது. எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் அம்மையைப் பார்த்தார். அம்மை கண்களை மூடியிருந்தார். விரல்கள் மட்டும் தொடையில் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தன.

ஏகாம்பரம் போன் பக்கம் குனிந்தார்.

“தம்பி, பெட்டியைப் பத்திப் பேசணும். கட்டாயம் பேசணும். ஆனா இன்னும் ஒரு சரணம் பாக்கி இருக்கு. தயவுசெய்து காத்திருங்க.”

“சார்?”

“அந்தக் குழலை மறுபடி போட்டுவிடுங்க.”

போனில் ‘டிக்’கென்று ஒரு பட்டன் சத்தம் கேட்டது.

பிறகு குழல் வந்தது, அதே அரைக்கட்டை கூடுதலாக.