பதிவேட்டில் பெயர் எழுதிய டிரைவர்

ஒரு ஏரியின் மதகு அறையில் கணினி ஒன்று ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று மணிக்கொரு தரம் அளந்து, இரண்டு மைல் தள்ளி ஊருக்குள் இருந்த அலுவலகத்துக்குக் கம்பியில்லாமல் அனுப்புவது அதன் வேலை.

கணினிக்குள் இருந்தது யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த நிரல்களின் குடும்பம். கெர்னல்தான் குடும்பத் தலைவர். சேதியைக் காற்றில் ஏற்றுவது வயர்லெஸ் கார்டு. அந்தக் கார்டோடு பேசி வேலை வாங்குகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர்.

கார்டைச் செய்த கம்பெனி அதன் பாஷையை யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கெங்கோ இருந்த நாலு பேர் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, கார்டு முனகியதையெல்லாம் ஒட்டுக்கேட்டு இந்த டிரைவரை எழுதியிருந்தார்கள். போதாக்குறைக்கு, கார்டின் வயிற்றுக்குள் கம்பெனி பூட்டி வைத்த குட்டி நிரல் ஒன்று இருந்தது. அது நினைத்தபோது தூங்கும். அது தூங்கினால் கார்டு ஊமை.

"எந்திரி. மூணு மணி அளவு போகணும்" என்று டிரைவர் உலுக்கும்.

"என்னை எழுப்ப நீ யாரு? கம்பெனியா உன்னை அனுப்பிச்சுது?"

"யாரு அனுப்பினா உனக்கென்ன? ஏரிக்குக் கீழே நெசவுத் தெரு இருக்கு. எந்திரி!"

எழுப்பி, அளவை அனுப்பிவிட்டுத்தான் டிரைவர் ஓயும். பிறகு கணினியின் பதிவேட்டில் எழுதும். எழுதுகிறவர் முதலில் தன் பெயரைப் போட்டுவிட்டு அப்புறம்தான் சேதியைச் சொல்ல வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். 'டிரைவர்: குட்டி நிரல் பதில் சொல்லவில்லை, எழுப்பி அனுப்பியாயிற்று' என்று எழுதும். குட்டி நிரல் எதையும் எழுதியதே கிடையாது.

மழைக்காலத்துக்கு முந்தைய சோதனைக்கு டெக்னீஷியன் ஆரோக்கியராஜ் வந்தார். கூடவே உதவிப் பொறியாளர் மங்கையர்க்கரசியும் வந்தார்.

"மேடம், இதப் பாருங்க. கோளாறுன்னு வர்ற வரியிலெல்லாம் ஒரே பேருதான். நாப்பத்தோரு தடவை டிரைவர், டிரைவர், டிரைவர்!"

"ஒரு மணி நேரத்து அளவுகூடத் தவறலையே?"

"நாளைக்கு மேல இருந்து வந்து பாத்தா யாரைக் கேப்பாங்க? நம்மளத்தான். கம்பெனி டிரைவரே இருக்கு மேடம். அதப் போட்டா பதிவேடு பளிச்சுனு இருக்கும்."

மங்கையர்க்கரசி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சரி, போட்ருங்க" என்றார்.

டிரைவர், "பேருக்கு அப்புறம் என்ன எழுதியிருக்குன்னு படிங்கய்யா!" என்று கத்தியது. வெளியே கேட்கவில்லை. கெர்னலிடம் திரும்பியது. "நீங்களாவது சொல்லுங்க. தூங்கினது யாரு, எழுப்பினது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ப்பா. ஆனா உன் பேரைத் தடைப் பட்டியல்ல ஏத்தச் சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

எல்லாம் தெரிந்தவர் இப்படிக் கையை விரிக்கும்போது வருகிற ஆத்திரம் இருக்கிறதே, அது ஒன்றும் தெரியாதவர் மேல்கூட வருவதில்லை. டிரைவரைக் கணினி வட்டின் மூலையில் தள்ளிவிட்டு, கம்பெனி டிரைவர் வந்து சொகுசாக உட்கார்ந்தது.

ஐப்பசி மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. காலை பத்து மணிக்குப் பதினாலு அடி என்று அளவு போயிற்று. அதோடு குட்டி நிரல் தூங்கிவிட்டது.

"எழுப்பு அதை! தண்ணி ஏறுது!" என்று மூலையிலிருந்து பழைய டிரைவர் கதறியது. "எழுப்பத் தெரியலன்னா பதிவேட்டுல ஒரு வரியாவது எழுது!"

"எழுதினவன் எங்க கெடக்கான்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேனே" என்றது கம்பெனி டிரைவர்.

ஊருக்குள் மங்கையர்க்கரசியின் திரையில் பதினாலு அடி அப்படியே நின்றது. நெசவுத் தெருவிலிருந்து போன் செய்தவர்களிடம், "பயப்படாதீங்க, பதினாலுதான். கோளாறுன்னு எதுவும் வரலையே" என்று சொன்னார். மதியம் மூன்று மணிக்கு ஏரி பத்தொன்பது அடியைத் தாண்டிக் கரையை அரித்துக்கொண்டு நெசவுத் தெருவுக்குள் இறங்கியது. அறுபது தறிகள் மூழ்கின. தறிக்குழியிலிருந்து ஏற முடியாமல் சொக்கநாதன் என்ற நெசவாளி செத்துப்போனார்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். மதகு அறையில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார். வெள்ளம் வந்த நாளில் ஒரு வரியும் இல்லை. பழைய பக்கங்களில் மட்டும் நாற்பத்தொரு வரிகள் இருந்தன.

"இந்தப் பழைய டிரைவர்தான் கார்டைக் கெடுத்திருக்கு. வரிக்கு வரி அது பேரா இருக்கே" என்றார் அதிகாரி.

பக்கத்தில் நின்ற மங்கையர்க்கரசி குனிந்து அந்த வரிகளைப் பார்த்தார். முதல் தடவையாக ஒரு வரியைக் கடைசிவரை படித்தார். அடுத்ததையும் படித்தார்.

"சார்... இது அப்படி இல்ல சார்."

மூலையில் கிடந்த டிரைவர் நிமிர்ந்து அவர் வாயையே பார்த்தது.

"சொல்லுங்கம்மா" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். "உங்க பேரைப் போட்டு எழுதிக்கறேன்."

மங்கையர்க்கரசி பேனாவைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார்.