சுரைப்பட்டிக்காரர்கள் ஏலத்தில் எடுத்த ஜீப்

சுரைப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் செலவழிக்காததால் எல்லாம் அப்படியே பத்திரமாக இருந்தது. அந்த ஊர் வீரணன் தன் மகள் செல்லக்கிளிக்குக் கல்யாணம் பேசினார். மாப்பிள்ளையின் அப்பா ஒச்சப்பன் போட்டது ஒரே நிபந்தனைதான். மாப்பிள்ளை அழைப்புக்கு ஜீப் வர வேண்டும், வராவிட்டால் கல்யாணமே இல்லை. மகளோ அந்தப் பையன்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

அரசாங்கம் கழித்துப்போட்ட ஜீப்பை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வீரணன் ஊர்க்காரர்களான மொக்கராசுவையும் பெருமாயனையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினார். யார் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேல் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள் என்று ஏலம் நடக்கும் இடத்து வாசலில் ஒரு தரகர் சொல்லிக்கொடுத்தார்.

அப்படியே செய்தார்கள். வீரணன் ஒரு விலை கேட்டார். மொக்கராசு அதற்கு மேல் கேட்டான். பெருமாயன் அவனையும் தாண்டினான். வீரணன் விடுவாரா? வெளியூர்க்காரர்கள் எல்லாம் டீ குடிக்கப் போய்விட்டார்கள். இவர்கள் மூவரும் வேர்க்க விறுவிறுக்க ஒருவரை ஒருவர் தோற்கடித்துக்கொண்டே இருந்தார்கள். கொண்டுவந்த பணம் தீர்ந்ததால்தான் ஜெயித்தார்கள். இப்படியொரு நாட்டுப்பற்றை ஏலம் விட்ட அதிகாரி தன் சர்வீஸில் பார்த்ததே இல்லை.

பிறகு அவர் விதிமுறையை வாசித்தார். "வண்டி இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில் விற்கப்படுகிறது. நாளைக்குள் எடுத்துச் சென்றுவிட வேண்டும்."

மூவரும் ஜீப் நின்ற வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மண்டையைக் குடைந்துகொண்டார்கள்.

"இருக்கிற இடத்துலயே இருக்கணும், ஆனா எடுத்துட்டும் போகணும். எப்படிண்ணே?" என்றான் பெருமாயன்.

"இடத்தையும் சேத்து எடுத்துட்டா?" என்றான் மொக்கராசு.

வீரணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மூளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் கவலைப்பட்டோம் என்று வெட்கப்பட்டார். ஜீப்புக்கு அடியில் இருந்த மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, வாடகை டிராக்டரின் டிரெய்லரில் பரப்பி, அதன்மேல் ஜீப்பைத் தூக்கி வைத்தார்கள்.

கிளம்பும் நேரத்தில் பெருமாயன், கை சும்மா இல்லாமல், பானெட்டில் இருந்த காக்கா எச்சத்தைத் துண்டால் துடைத்துவிட்டான். நிலை மாறிப்போயிற்றே! அவனை ஏசித் தீர்த்துவிட்டு, ஏதாவது ஒரு காக்கா மனசு வைக்கும்வரை மரத்தடியிலேயே காத்திருந்தார்கள். சாயங்காலம் ஒன்று மனசு வைத்தது.

அழைப்பு நாளன்று டிரெய்லர் ஒச்சப்பன் வீட்டு வாசலில் போய் நின்றது. வாசலில் நாற்காலி போட்டு, பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். ஜீப்பில் ஏறச் சொன்னார் ஒச்சப்பன். வீரணன் பதறிப்போய்க் குறுக்கே நின்றார். ஏலம் எடுத்தபோது ஜீப்புக்குள் ஆள் யாரும் இல்லை, இப்போது ஏறினால் நிலை மாறிவிடும், மாப்பிள்ளை பின்னாலேயே நடந்து வரட்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

ஒச்சப்பனுக்கு மீசை துடித்தது. "எம் மகன் இருக்கிற இடத்துல இப்படியேதான்யா இருப்பான். முடிஞ்சா கூட்டிட்டுப் போங்க."

கொட்டுமேளம் நின்றுவிட்டது. வீரணனுக்கு ஒரு நிமிஷம் உலகமே இருண்டது. மறுநிமிஷம் முகம் மலர்ந்தது. சம்பந்தி விதிமுறை தெரிந்த மனுஷர்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சம்பந்தி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். "எலேய் மொக்கராசு, கடப்பாரையை எடு."

மாப்பிள்ளையை அசையாமல் உட்காரச் சொல்லிவிட்டு, மூன்று பேரும் நாற்காலியைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்தார்கள்.